எரியாத சொட்டு

கண்ணில் சொட்டு மருந்து விடுவது எல்லோருக்கும் கைவராது. விரல் நடுங்கக் கூடாது. இமையை இழுத்துப் பிடிக்கும்போது அழுத்தம் கூடிவிடக் கூடாது. என் மனைவிக்கு மூன்று வருடமாகக் காலையும் மாலையும் நான்தான் விட்டேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அவளுக்குக் கண்ணுக்குள் நீரழுத்தம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மருந்து விழுந்ததும் எரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியன், இருபத்தாறு வருடமாக. அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். பொழுது போகட்டும் என்று அவளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். முகங்களாக வரைந்தாள். ஒரே ஆளுக்கு இரண்டு முகம். மேலே ஒன்று; அதன் ஓரம் மடங்கி, உள்ளே இன்னொன்று. காது இறங்கியிருக்கும், கழுத்து கோணியிருக்கும். திருத்திக் காட்டுவேன். சரி என்று தலையாட்டுவாள். மறுநாள் பார்த்தால் பழையபடி கோணியிருக்கும். எதற்கு இரண்டு முகம் என்று ஒருமுறை கேட்டேன். "சட்டையத் திருப்பிப் பாத்தாதானே தையல் தெரியும்" என்றாள்.

நகர மண்டபத்தில் என் படங்கள் முப்பத்தொன்றைக் காட்சிக்கு வைத்தேன். கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி வெறுமனே இருந்தது. அதில் அவளுடைய படம் ஒன்றை மாட்டினேன். மனதில் வஞ்சம் வைத்திருப்பவன் அப்படிச் செய்வானா? மூன்று நாளும் கூட்டம் அந்தக் கதவருகேதான் நின்றது. கழிவறைக்கு வரிசை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இத வரைஞ்சவங்க யாரு?" என்றார். என் முப்பத்தொரு படங்களையும் தாண்டி வந்து கேட்டார்.

பிறகு அவளைத் தேடி வீட்டுக்கே ஆட்கள் வந்தார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். என் படங்கள் அவர்கள் உட்கார்ந்த கூடத்துச் சுவரில்தான் இருந்தன. ஒருவர் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேசினார்.

அப்புறம் ஒருநாள் அவள் என்னை வரைந்தாள். மேல்முகம் பாடம் சொல்லிக்கொடுக்கிற சாந்தமான முகம். உள்முகம், அடுத்தவன் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பசிக்காரனுடையது.

"இது யாரு?" என்றேன்.

"ரெண்டும் நீங்கதாங்க. எனக்கு ரெண்டும் பழக்கந்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரியமாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவளே கேட்டாள்: "ஏங்க, இப்பல்லாம் மருந்து எரியறதே இல்லையே?"

பழகியிருக்கும் என்றேன்.

பத்து மாதம் அப்படிப் போயிற்று. பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளெல்லாம் டாக்டர் வெளியூரில் இருப்பதாகச் சொன்னேன். முதலில் அவளுக்குப் பக்கவாட்டில் இருப்பவை மறைந்தன. கதவு நிலையில் இடித்துக்கொள்வாள். நான் கைப்பிடித்து அழைத்துப்போவேன். ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பேன். இப்படி ஒரு புருஷன் அமையக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. இமையைப் பிடித்துச் சொட்டு விடும் அந்த நிமிடத்தில், அவள் கண் நன்றாக இருக்கவேண்டும் என்றே நான் விரும்பினேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இடது கண் போயிற்று. வலது கண்ணில் ஓட்டை வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டும் வரைந்தாள். அதற்கும் ஆட்கள் வந்தார்கள்.

அவள் தம்பி ஒரு வாரம் தங்க வந்தான். நான் குளித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு மருந்து விட்டிருக்கிறான். வெளியே வந்தால் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "மாமா, மேல எழுதியிருக்கற தேதியப் பாத்தா வாங்கி நாலு மாசம் ஆகுது. இன்னும் நெறைய இருக்கே?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டான்.

ஆமாம், மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். அவள் கண்ணில் கிருமி எதுவும் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் காய்ச்சினேன். பார்வை போய்விடும் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். இப்போது அவளுக்கு வலது கண்ணும் தெரியவில்லை என்கிறார்கள்.

நீங்கள் வாசித்துக் காட்டிய வாக்குமூலத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. 'பொறாமையால்' என்று ஓரிடத்தில் வருகிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், சார். அவளைவிட நன்றாக வரைகிறவன் நான். எனக்கு எதற்குப் பொறாமை?