இருபத்தேழாம் எண் குவளை

அவைக்குத் தலைமை தாங்கும் ஃபிலிப்பா கார்லண்ட் அம்மையார் அவர்களே, டெர்வென்ட் ஆற்றின் இரு கரையிலும் பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் கொடி வளர்த்து, அந்தக் கசப்பை ஊருக்கும் உலகுக்கும் வழங்கி வாழும் பெரியோர்களே, பார்லியை முளைக்கவைத்து, வறுத்து, வடித்து, பொன்னாகவும் செம்பாகவும் கரிய காப்பியாகவும் குவளையில் இறக்கும் கைவண்ணத்தாரே, அந்தக் கைவண்ணத்தாரையும் அவர்களுடைய தொட்டிகளையும் ஒரே கூரையின் கீழ் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே, முதல் வரிசையில் மூன்றாம் நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வெர்னா ஸ்கல்தார்ப் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் லிண்ட்லி ஃபெர்ரி மருந்துக்கடை ஆப்ரியின் காலை வணக்கம்.

பின்வரிசையில் ஒருவர், “சுருக்கமாப் பேசு ஆப்ரி, பியர் சூடாகுது” என்கிறார். சூடாகட்டும் ஐயா. முப்பத்து நான்கு ஆண்டுகளாகப் பேசாததைப் பேச வந்திருக்கிறேன். முப்பது நிமிடம் பொறுக்க மாட்டீர்களா?

சென்ற ஆண்டுப் பியர்ச் சுவைப் போட்டி. இதே மண்டபம், இதே காலை, ஆற்றிலிருந்து எழுந்த இதே பனிமூட்டம் சன்னல்களில் முகம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மேசையில் நாங்கள் மூவர் நடுவர்கள். ஒருவர் வெர்னா. ஹாப்ஸ் ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் மோந்து மோந்தே முடிவு சொன்னவர். மற்றவர் ஹோபார்ட் நகரிலிருந்து வந்த மிரேலா பெட்ரிச். இருபத்தொன்பது வயது, இந்த ஊருக்கு அன்றுதான் முதல் வருகை. மூன்றாமவன் நான்.

இருபத்தைந்தாம் குவளையில் வாட்டில் என்னும் வேல மரத்தின் வறுத்த விதை வாசம். காப்பிக்குத் தம்பி என்று சொல்லலாம். இருபத்தாறில் காட்டுத்தேன், அள்ளி அள்ளி ஊற்றிய தேன். வெர்னா ஒரு மிடறு விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். “இது பியர் இல்ல, இருமல் மருந்து. உன் கடையிலயே வித்துடு ஆப்ரி.” மிரேலா சிரித்தாள். அந்த மேசையில் அன்று கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

இருபத்தேழு வந்தது. தெளிந்த பொன்னிறம். மேலே வெண்ணுரை. மோந்தால் பம்பளிமாசுத் தோல், பைன் மரப் பிசின், மலைமிளகின் மெல்லிய காரம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குடித்தேன்.

அன்பர்களே, நாவில் பட்டது பம்பளிமாசு அல்ல. பிசின் அல்ல. மிளகும் அல்ல. கந்தகம். கருகிய குதிரைமயிர். அதன் அடியில், பழுக்கக் காய்ந்த இரும்பை நக்கியதுபோல ஒரு சுவை.

எழுதி முடிக்கும்வரை நடுவர்கள் பேசக் கூடாது என்பது விதி. எழுதினோம். தாள்களைத் திருப்பி வைத்தோம். என் தாளில் கந்தகம், கருகிய மயிர், இரும்பு. வெர்னாவின் தாளில் கந்தகம், கருகிய மயிர், இரும்பு. மிரேலாவின் தாளிலும் அதே மூன்று. ஆனால் அவற்றின் கீழே, பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, இன்னொரு வரி: ‘கதவு வெளியே தாழிட்டிருக்கிறது.’

“இது என்ன?” என்றார் வெர்னா.

மிரேலா தாளை அருகில் இழுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தாள். “எனக்குத் தெரியலைங்க. நான் எழுதினதா ஞாபகமே இல்ல.”

அதே பியரை மற்ற இரண்டு மேசைகளும் சுவைத்தன. அங்கே ஒருவருக்கும் கந்தகம் தெரியவில்லை. வாய் நிறையப் பாராட்டி எழுதினார்கள். எங்கள் மூவருக்கோ அந்தச் சுவை போகவில்லை. ரொட்டியைக் கடித்தால் கந்தகம். பாலைக் குடித்தால் கருகல். பல் துலக்கினால் இரும்பு. ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, நான்கு நாள். ஆய்வுக்கூடத்தில் மீதிப் பியரைச் சோதித்தார் வெர்னா. கந்தகமும் இல்லை, புகையும் இல்லை. பியரில் இல்லாதது எங்கள் வாயில் எப்படி வந்தது?

ஊர்ப் பெரியவர்கள் சிலர் இப்போது தலை குனிவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு நினைவிருக்கிறது. இளையோருக்குச் சொல்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்ச் மாத நண்பகலில், ஹாப்ஸ் உலர்த்தும் பழைய சூளை எரிந்தது. உள்ளே ஒருவர் இறந்தார். லிண்ட்சே ஸ்கல்தார்ப், வயது இருபத்து நான்கு, வெர்னாவின் அண்ணன். விசாரணையில் எழுதிய முடிவு இது: கதவு திறந்தே இருந்தது, அவர் குடித்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டார்.

ஐந்தாம் நாள் முற்பகல், வெர்னா எங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு இருபத்தேழாம் எண்ணுக்கு உரியவரைத் தேடிப் போனார். கெல்வின் ஹார்வுட். ஆப்பிள் கொட்டகைக்குப் பின்னால் சின்னதாகப் பியர் காய்ச்சுபவர். அந்நாளில் சூளைக்கு மேற்பார்வையாளர்.

“ஹாப்ஸ் எங்கேர்ந்து எடுத்த கெல்வின்?”

“காட்டுக்கொடி வெர்னா. பழைய சூளைச் சுவர்ல, கதவு இருந்த இடத்துல தானா முளைச்சிருந்துது. வாசனை தூக்கலா இருந்துது, பறிச்சேன்.”

“குடிச்சுப் பாத்தியா?”

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நாங்கள் கேட்டோம். கொட்டகைக்குள் தட்டும் சத்தம். உலோகத்தில் விரல்முட்டி படும் சத்தம். மூன்று முறை. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று முறை.

“தொட்டியில பியர் பொங்குதா?” என்று கேட்டேன்.

“அது காலித் தொட்டி ஆப்ரி. கழுவிக் கவுத்து ஆறு வாரமாச்சு.” அவர் முகத்தில் வியர்வை. “காய்ச்சின நாள்லேர்ந்து இப்படித்தான். பகல்ல மட்டும். சரியா சாப்பாட்டு நேரத்துல.”

வெர்னா அந்த இருபத்தேழாம் எண் பியரில் ஒரு புட்டியைத் திறந்தார். ஊற்றினார். கெல்வின் முன் வைத்தார். “குடி.”

கெல்வின் குடித்தார். குவளையைக் கீழே வைக்கவில்லை. இரு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“சாப்பாட்டு நேரம். ஹாப்ஸுக்குப் புகை காட்டக் கந்தகத் தட்டைப் பத்த வெச்சேன். யாரும் உள்ள வந்துடக் கூடாதேன்னு வெளிய தாழ்ப்பாள் போட்டேன். தினமும் போடுறதுதான். மேல் தட்டுல அவன் ஹாப்ஸ் காயப் போடுற குதிரைமயிர் விரிப்பைச் சரிபண்ணிட்டிருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது வெர்னா. புகையைப் பாத்து ஓடிவந்தேன். உள்ள தட்டிக்கிட்டிருந்தான். தாழ்ப்பாள் கொதிச்சுது. தொட முடியல. கட்டையைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தப்போ தட்டுறது நின்னுருந்துது.”

“அப்புறம்?”

“கட்டையால தாழ்ப்பாளைத் தூக்கிவிட்டேன். கதவு தொறந்தேதான் இருந்துதுன்னு சொல்லிட்டேன்.”

“அவன் குடிச்சிருந்தான்னும் நீதான் சொன்னியா?”

“இல்ல. அது ஊரு சொல்லிச்சு. நான் மறுக்கல.”

கொட்டகை நிசப்தமாக இருந்தது. சத்தம் எப்போது நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மிரேலா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “போயிடுச்சு,” என்றாள். வெர்னாவும் தலையசைத்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் போகவில்லை.

ஏன் போகவில்லை? நெருப்பு வைத்தவனா நான்? தாழ் போட்டவனா நான்? அன்று நான் சூளைப் பக்கமே போகவில்லையே. பின் எனக்கு ஏன் அந்தக் கந்தகம்?

திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்தின் மேல் காரை நிறுத்தச் சொன்னேன். “வெர்னா, லிண்ட்சேவுக்கு ஹாப்ஸ் தூசு பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுடும், அதனால பியரை வாயிலயே வெக்க மாட்டான். எனக்குத் தெரியும். களிம்பு குடுத்ததே நான்தான். விசாரணையில எந்திரிச்சு சொல்லப் போனேன். அப்போ நான் வேலை பாத்த மருந்துக்கடை முதலாளி சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு. ‘ஊரே ஒண்ணு சொல்லும்போது உனக்கென்ன’ன்னாரு. உக்காந்துட்டேன்.”

வெர்னா காரை நிறுத்தவில்லை, சாலையை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. “எங்கப்பா அதை நம்பிக்கிட்டே செத்தாரு ஆப்ரி. குடிகாரப் பயலைப் பெத்துட்டேன்னு பதினோரு வருஷம் கடைத்தெருப் பக்கமே போகல.” பாலத்தைத் தாண்டியதும் மேலும் சொன்னார். “என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? அந்த முடிவைக் கேட்டுட்டு உக்காந்திருந்தாங்களே, அந்த மண்டபத்துல போய்ச் சொல்லு.”

கெல்வின் மறுநாளே காவல் நிலையம் போனார். மறுவிசாரணை நடந்தது. கதவு தாழிடப்பட்டிருந்தது என்று அரசுப் பதிவேடு இப்போது சொல்கிறது. ஆனால் குடி பற்றிய அந்த வரி அப்படியே நிற்கிறது, மறுக்க ஆள் வரவில்லை என்பதால். அவையோரே, அந்த ஆளாக நான் வந்திருக்கிறேன். லிண்ட்சே ஸ்கல்தார்ப் குடிக்கவில்லை. அன்றும் குடிக்கவில்லை, என்றும் குடிக்கவில்லை. களிம்பு கொடுத்த நாளெல்லாம் எழுதிய மருந்துப் பதிவு என் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை அதை நீதிமன்றத்தில் ஒப்படைப்பேன். விசாரணை நடந்தது இந்த மண்டபத்தில்தான். நான் உட்கார்ந்தது அதோ, அந்தத் தூணுக்கு அருகில்தான்.

எங்கிருந்தோ வந்த மிரேலாவின் கை ஏன் அந்த வரியை எழுதியது? அதற்கு என்னிடம் விடை இல்லை. இருக்கிறது என்று சொல்பவரை நான் நம்பவும் மாட்டேன். இன்று காலை மேசையில் அமரப்போகும் நடுவர்களே, உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் நாக்கு சொல்வதை எழுதுங்கள். பக்கத்து மேசை பாராட்டினாலும் எழுதுங்கள். ஊரே ஒன்று சொன்னாலும் எழுதுங்கள். சட்டையைப் பிடித்து இழுத்தாலும் எழுந்து நின்று எழுதுங்கள்.

“இப்போ வாய் எப்படி இருக்கு ஆப்ரி?” என்று இடப்பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். இன்று காலை வரை கந்தகம்தான், இப்போது தெரியாது ஐயா. மேசையில் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், நான் தொடவில்லை. சுவை மாறினால்தான் பேசுவேன் என்றால் அது பேரம். மாறாவிட்டாலும் சொன்னது சொன்னதுதான்.

என்னைப் பேச அழைத்த தலைவி அவர்களுக்கும், பியர் சூடாகியும் எழுந்து போகாத உங்களுக்கும், இன்று இங்கே வந்து அமர்ந்த வெர்னாவுக்கும் நன்றி கூறி, தலை தாழ்த்தி வணங்கி அமைகிறேன்.