எருமைக்குப் பௌர்ணமி தெரியாது

"எருமைய வித்துட்டு அந்தப் பணத்தையும் இண்டெக்ஸ் ஃபண்டுல போட்டுடலாங்க."

அடி அண்ணாமலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் போனைப் பார்த்தபடியே தன் கணவரிடம் சொன்னாள்.

"ஏற்கனவே நாலு ஃபண்டுல போட்டியே, என்னாச்சு?"

"ஷேர் மார்க்கெட் விழுந்ததுல நாலும் ஒண்ணா இறங்கிடுச்சு. இப்பதான் பாத்தேன், நாலுலயும் அதே பெரிய கம்பெனிங்கதான் இருக்கு."

"நம்ம வீடு மாதிரியே."

"நம்ம வீடா?"

"உன் தண்ணி பாட்டில் கடை, என் ஆட்டோ, மாடி ரூம் வாடகை. மூணுமே கிரிவலக் கூட்டத்த நம்பித்தானே? போன பௌர்ணமிக்கு மழை கொட்டுச்சு, மூணும் படுத்துடுச்சு. அந்த மாசம் எது நம்மளக் காப்பாத்துச்சு?"

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. எழ மனம் வரவில்லை.

"எருமைதான்," என்றாள் அவள்.

"அதுக்குப் பௌர்ணமியும் தெரியாது, கூட்டமும் தெரியாது. தெனம் பால் குடுத்துச்சு."

அவள் போனைப் பைக்குள் போட்டாள். "சரி, விக்க வேணாம்."

"விக்கிறதா? இன்னும் ஒண்ணு வாங்கலாம்னு பாக்குறேன்," என்றார் அவர் உற்சாகமாக.

"கோமாரி நோய் வந்தா ரெண்டுக்கும் சேந்துதாங்க வரும்."