பத்தொன்பதாவது வரி

— அவசரப்பட்டு அமுக்காதீங்க அண்ணி, ஒரு நிமிஷம்.

— ஏழு வருஷமா இதே ஒரு நிமிஷம்தான் தம்பி. புது வெர்ஷன் ஏறிடுச்சா இல்லையா?

— ஏறிடுச்சு.

— அப்போ நகரு. உங்க அண்ணன் நாற்காலி, ஆடும். பாத்து எழுந்திரு.

— ஆபீஸ்ல ரெண்டு நாற்காலி சும்மா கிடக்கு. ஒண்ணு கொண்டு வரட்டுமா?

— வேண்டாம், ஆட்டம் பழகிடுச்சு. நேத்து எங்க பிளட் டெஸ்ட் லேப்ல கேட்டாங்க, எதுக்கு லீவுன்னு. கம்பைலர் அப்டேட் வருதுன்னேன். அப்படின்னா என்னன்னு ஒருத்தி கேக்கறா. நாம எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கும், புரியலன்னா திட்டும்னு சொன்னேன். சரிதானே?

— என்னைவிட நல்லாவே சொல்லியிருக்கீங்க.

— உங்க அண்ணன் புலம்பினதுல பாதியாவது ஏறாம போகுமா? புது ஸ்டாண்டர்ட்ல, அதான் அந்த மொழியோட விதிப் புத்தகத்துல, புது வசதியெல்லாம் எழுதிட்டாங்களாம், கம்பைலர்ல இன்னும் வரலையாம். அப்படி வராததெல்லாம் பத்தொன்பது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி, ஒரே ஃபைல்ல எழுதி வச்சார். அந்த வசதி இல்லன்னா கம்பைலர் அவர் வரியைச் சொல்லித் திட்டும்.

— "இதுவும் இல்லையா, வெளங்கிடும்."

— அது நாலாவது. அந்த வரி போய் மூணு வருஷமாச்சு. பதினொண்ணாவது, "ஒரு காபி குடிச்சுட்டு வந்து அழறேன்."

— எல்லாம் மனப்பாடமா?

— பின்னே? ஆபரேஷனுக்குக் கிளம்பின காலையிலகூட ஓட்டிப் பாத்தார். பத்தொன்பதும் வந்துச்சு. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒண்ணாவது செஞ்சு வைக்கறாங்களா பாப்போம்னு சொல்லிட்டுப் போனார். நீங்க செஞ்சீங்க. அவர்தான் வரல.

— அவருக்காகத்தான் அண்ணி அந்தக் கம்பைலர் டீம்லயே சேந்தேன்.

— தெரியும். அப்டேட்டுக்கு அப்டேட் ஒண்ணு ரெண்டா குறைஞ்சுது. போன தடவை ஒரே ஒரு வரிதான் வந்துச்சு.

— "இதை மட்டும் குடுத்துடுங்க, அப்புறம் நான் வாயைத் திறக்கறேனா பாருங்க."

— ஆமா. அதுக்குத்தான் மாசா மாசம் உங்க டீமுக்கு எழுதிக் கேட்டேன்.

— அவர் பேர்ல எழுதினது நீங்களா? யாரோ விஷயம் தெரியாம வம்பு பண்றாங்கன்னு நினைச்சோம்.

— எல்லாம் முடிஞ்சா என்ன சொல்லுவார்னு கேக்க வேண்டாமா? ஏழு வருஷமா இருக்கேன் இதுக்காக. தள்ளு, அமுக்கறேன்.

— அண்ணி, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.

— அமுக்கிட்டேன். என்ன, ஒண்ணையும் காணோம்? ஹேங் ஆயிடுச்சா?

— இல்ல. முடிஞ்சுடுச்சு.

— எங்கே முடிஞ்சுது? வெறும் கோடு மினுங்கிட்டு நிக்குது.

— தப்பு இருந்தாத்தான் அண்ணி அது பேசும். எல்லாம் சரியா இருந்தா ஒண்ணும் சொல்லாது.

— சும்மா இரு. எங்க லேப்ல எல்லாம் சரியா இருந்தாலும் நார்மல்னு அடிச்சு, கையெழுத்துப் போட்டுத்தான் குடுப்போம். அவர் ஏதாவது எழுதி வச்சிருப்பார், நல்லா தேடிப் பாரு.

— தேடிட்டேன். முதல் வருஷமே தேடிட்டேன். இல்ல.

— முதல் வருஷமேவா?

— ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வருவேன். நீங்க வாசல்லயே வந்து நிப்பீங்க, இன்னும் எத்தனை பாக்கின்னு. எனக்கு வாய் வரல.

— அப்போ இனிமே அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?

— அந்தப் பத்தொன்பது வரியும் ஃபைல்ல பத்திரமா இருக்கு. எப்போ வேணாலும் திறந்து படிச்சுக்கலாம்.

— திறந்தா நான் படிக்கறது. இது திட்டறப்போ அவரா சொல்றது.

— வேணும்னா ஒரு வரி சேத்துடறேன். அவர் சொல்ற மாதிரியே, அப்பாடான்னு.

— அது நீ சொல்ற அப்பாடா.

— மன்னிச்சுடுங்க அண்ணி. நல்லது செய்யறதா நினைச்சு ஒவ்வொண்ணா அழிச்சிருக்கேன்.

— நான்தானே துரத்தித் துரத்திக் கேட்டேன். விடு. பழைய வெர்ஷனெல்லாம் இன்னும் கிடைக்குமா?

— எல்லாம் கிடைக்கும். ஆனா அண்ணனுக்குப் பழசைக் கண்டாலே ஆகாதே. ரெண்டு நாள் அப்டேட் பண்ணாம விட்டா என்ன திட்டு திட்டுவார்.

— அதான் கேக்கறேன். ஆபரேஷன் அன்னிக்கு இருந்ததையே போட்டுக் குடு. பத்தொன்பது தடவையும் திட்டட்டும்.