காய்ந்த தரையில் மஞ்சள் பலகை

எங்கள் கட்டடத்துப் படிக்கட்டை நான்தான் கழுவுவேன். ஆள் வைத்தால் மூலையில் அழுக்கு நிற்கும். எடுத்துச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் முப்பது வருடமாக நானே விடிகாலையில் எழுந்து, மேலிருந்து கீழாகப் பதினோரு படி, அப்புறம் கீழ்க்கூடம் என்று கழுவித் துடைத்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பேன். கூடத்தில் பதித்திருக்கும் அந்தப் பளபளப்பு ஓட்டைத் தேர்ந்தெடுத்தது அக்கா. எனக்குச் சொரசொரப்பு ஓடுதான் பிடித்திருந்தது. ஆனாலும் அவள் ஒன்று கேட்டு நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.

எழுதிக்கொள்கிறீர்களா ஐயா? அவசரமில்லை, மெதுவாகவே சொல்கிறேன்.

கீழே என் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. கட்டடம் என் பெயரில் இருக்கிறது. வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அவள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அறுபத்தொரு வயது. அம்மா போனபோது எனக்கு ஒன்பது, அவளுக்குப் பதினாறு. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்டதும் அவள்தான், என் காய்ச்சலுக்குக் கண் விழித்ததும் அவள்தான். நடுவில் எனக்குக் கல்யாணம் நடந்தது. வந்தவள் மூன்று வருடம் இருந்து பார்த்துவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை என்று சொல்லிப் போய்விட்டாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம், என்மேல் போட்டிருக்கும் மனுவில் இருக்கும் ஒரு சொல். 'கட்டட உரிமையாளரின் அஜாக்கிரதையால் ஏற்பட்ட காயம்' என்று எழுதியிருக்கிறார்கள். முப்பது வருடத்தில் ஒரு கண்ணாடியை நான் மயிரிழை பிசகாக வெட்டியது கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிற ஆள் நான். கேட்டுப் பாருங்கள், தெருவே சொல்லும். அந்தச் சொல்லைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான்.

பலகை விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் கடை வாசலில் ஒரு வாடிக்கையாளர் வழுக்கி விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. நான் பதறிப்போய் என் வக்கீலிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஈரம் இருந்தா துடைக்கணும். துடைக்க முடியலன்னா எச்சரிக்கணும். ரெண்டுமே பண்ணலன்னாதான் உங்க தலையில விடியும். ஒரு பலகைய வெச்சுடுங்க, அதுக்கப்புறம் பாத்து நடக்க வேண்டியது அவங்க பாடு."

அன்றைக்கே வாங்கிவந்தேன். மடக்கி வைக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் பலகை. 'தரை ஈரம், கவனம்' என்று எழுத்து, அதற்குமேல் காலைத் தூக்கிக்கொண்டு விழுகிற ஒரு கறுப்புப் பொம்மை. மழை நின்றதும் அது அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் அக்கா துணி மடித்துக்கொண்டே, நீச்சல்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவர் அவர், பெண்டாட்டியை இழந்தவர். காலை நடையில் பழக்கமாம். பதிவு அலுவலகத்தில் நாள்கூடக் குறித்தாகிவிட்டது, இன்னும் ஐம்பது நாள். சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. நாற்பத்தைந்து வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"நீ ஒண்ணும் சொல்லலியேடா."

"நல்லதுதானேக்கா. அவர் வீடு மாடியா, கீழயா?"

"கீழதான். ஏன்?"

சும்மாதான் கேட்டேன் என்று சொன்னேன். உண்மையிலேயே சும்மாதான் கேட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை ஐயா. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். அவள் போனால் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஆகவே அவள் போகாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது என்று முடிவுக்கு வந்தேன். நீச்சல்காரருக்கும் நல்லதுதான், இந்த வயதில் புதிதாக ஒரு ஆளோடு ஒத்துப்போவது அவருக்கு மட்டும் சுலபமா என்ன?

என் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. நடுவில் கோடு போட்ட இரட்டைக் கண்ணாடியை முதல்முறை மாட்டுகிறவர்கள் எல்லோரும் அடுத்த நாளே வந்து நிற்பார்கள். கோடு கண்ணை உறுத்துகிறது, தலை சுற்றுகிறது என்பார்கள். ரெண்டு வாரம் பொறுங்க, கோடு தெரியாது என்று அனுப்பிவைப்பேன். அப்படியே ஆகும். கோடு எங்கேயும் போவதில்லை. தினமும் இருக்கிற ஒன்றைக் கண் பார்க்காமல் விட்டுவிடும், அதுதான் விஷயம். அக்காவும் தன் பங்குக்கு ஒன்று சொல்வாள்: நாற்பது நாள் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் எந்த அசைவையும் பழக்கிவிடலாம், அப்புறம் உடம்பு மூளையைக் கேட்காது என்று. நான் அந்த நாற்பதை எடுத்துக்கொண்டேன்.

கடைசிப் படிக்குக் கீழே, சரியாக அவள் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பலகையை வைத்தேன். தரையைத் துளி ஈரமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

முதல் நாள் நின்றாள். கால் நுனியால் ஓட்டைத் தேய்த்துப் பார்த்து, எங்கேடா ஈரம் என்று கேட்டாள். இப்போதுதான் காய்ந்தது என்றேன். மூன்றாம் நாளும் நின்றாள். ஐந்தாம் நாள், உன் பொம்மை மனுசன் இன்னைக்கும் விழுந்துக்கிட்டேதான் இருக்கான் போல என்று கிண்டல் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிஜமாகவே சிரித்தேன். பத்தாம் நாளுக்குமேல் பேச்சில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது சரிதான். ஒருநாள் அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டுச் செருப்பு மாட்டினாள்.

கடை நாட்குறிப்பின் ஓரத்தில் தினமும் ஒரு வார்த்தை எழுதினேன். 'பார்த்தாள்' அல்லது 'பார்க்கவில்லை'. அந்த நாட்குறிப்பைக் கொண்டுவந்திருக்கிறேன். இருபத்துநான்காம் நாளிலிருந்து எல்லாமே 'பார்க்கவில்லை'தான். நடுவில் நான்கு நாள் அவளுக்குச் சளி பிடித்து நடைக்குப் போகவில்லை. அந்த நாலையும் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். இதையெல்லாம் அஜாக்கிரதை என்று ஒருவர் எழுதினால் மனசு வலிக்காதா?

அவள் கண்ணாடியில் நான் கை வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். பவரில் இரண்டு புள்ளி மாற்றியிருந்தால் படி கண்ணுக்குத் தப்பியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது தொழில். தொழிலில் நான் பொய் செய்வதில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை, படியடியில் கிடந்த கால்மிதியை எடுத்துத் துவைக்கப் போட்டேன். கண்ணாடி கழுவுகிற சோப்புத் திரவம் ஒரு மூடி, அரை வாளித் தண்ணீரில். நான்கு ஓட்டில் மட்டும் மெல்லியதாகத் தடவினேன். பலகை அதன் இடத்திலேயே இருந்தது. சட்டப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்திருந்தேன். தரை ஈரம், கவனம் என்று எழுதியும் வைத்திருந்தேன். பிறகு கடைக்குள் போய் முகம் பார்க்கிற கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்குவது எனக்கு மனப்பாடம். ஒன்பது படி ஒரே தாளத்தில் வரும், கடைசி இரண்டை ஒரே எட்டில் தாண்டுவாள். சின்ன வயதுப் பழக்கம். ஒன்பது கேட்டது. அதற்கப்புறம் கேட்டதை நான் சொல்லவேண்டியதில்லை.

இருபது வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் வெளியே போனேன். உடனே ஓடினால் காத்திருந்த மாதிரி தெரியும். அவள் அலறவில்லை. டேய், டேய் என்று சன்னமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எண்ணுவது அன்றைக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஐயா. அதை நான் மறைக்கவில்லை.

கணுக்கால் என்றுதான் நினைத்திருந்தேன். இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீதான் பலகை வெச்சிருந்தியேடா, நான்தான் பாக்கல என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

பிறகு நாலு மாதம். பதிவு அலுவலகத்தில் குறித்த நாள் வந்தது, போனது. காலையில் அவளுக்குப் பல் துலக்க வைப்பேன். தலை வாரிவிடுவேன். பிடித்துக்கொண்டு குளியலறைக்குக் கூட்டிப்போவேன். தரையில் ரப்பர் விரிப்பு போட்டுவைத்தேன், சுவரில் கைப்பிடி அடித்தேன். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து ஊட்டிவிடுவேன். உன்னை வளத்த கடனத் தீத்துட்டடா என்றாள். என் வாழ்க்கையில் அந்த நாலு மாதத்தைப் போல நிம்மதியாக நான் இருந்ததில்லை.

நீச்சல்காரர் தினமும் நாலு மணிக்கு வந்துவிடுவார். நாளை பார்க்கலாம், அவள் தூங்குகிறாள் என்று நான் சொன்னாலும் படியிலேயே உட்கார்ந்திருப்பார். அவளை எழுப்பி உட்காரவைத்து, காலைத் தூக்கு, இறக்கு என்று பயிற்சி கொடுப்பார். அவர்தான் மனு போட்டார். பளபளப்பு ஓடு, கைப்பிடி இல்லாத படி, கால்மிதி இல்லை, உரிமையாளர் பொறுப்பு என்று. என் வக்கீலுக்குக் கவலையே இல்லை. பலகை இருந்ததே, போதும் என்றார்.

போன மாதம் அந்த மனுவை விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். பலகை இருந்ததா என்று அக்காவைக் கேட்டார். இருந்தது என்றாள். பார்த்தீர்களா? இல்லை. ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். அவள் யோசித்து, தினமும் இருந்தது, ஆனால் ஒருநாளும் தரை ஈரமாக இருந்ததில்லை என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். மைதானத்தில் ஒரு பிள்ளை தப்பாகக் கால் வைத்தால் பார்ப்பாளே, அப்படி என்னைப் பார்த்தாள். அதிகாரியிடம், என் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவர் போனதும் கேட்டாள்.

"எத்தனை நாள்டா?"

"நாப்பதுக்கா."

"தண்ணியில என்ன கலந்த?"

"கண்ணாடி கழுவுற சோப்பு. ஒரு மூடிதான்."

"ஒரு மூடி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நீச்சல்காரர் வந்தார். ஒரு பெட்டி, ஒரு கைத்தடி. பதினோரு படியையும் அவள் தானே இறங்கினாள். ஒரு படிக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பாதியில் நான் கையை நீட்டினேன், தொடாதே என்றாள். அவரையும் தொடவிடவில்லை. கீழே அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் நான் எங்கே தப்பு செய்தேன் என்று புரிந்தது. ஒரு கால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஒன்பது நாளாகிறது. போன் எடுப்பதில்லை. வாசலுக்குப் போனால் கதவு திறப்பதில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நீச்சல்காரரிடம் சொல்லியிருந்தால் அவர் இந்நேரம் மனுவில் அந்தச் சொல்லை மாற்றியிருப்பார். அதனால்தான் நானே வந்தேன். வேண்டுமென்றே, யோசித்து, நாற்பது நாள் பழக்கி, அக்காவின் காலை உடைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

இதைப் பதிவு செய்தால் அவளையும் கூப்பிட்டு விசாரிப்பீர்கள் அல்லவா? நேரில்தானே வரவேண்டும்? எந்தக் கிழமை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்கள் வாசலில் ஐந்து படி இருக்கிறது, பக்கத்தில் கைப்பிடி கிடையாது, வரும்போதே கவனித்தேன். அவளைத் தனியாக ஏறவிடாதீர்கள் ஐயா. என்னைக் கூப்பிடுங்கள், விலங்கு போட்டிருந்தாலும் பரவாயில்லை. என்னைப் பிடித்துக்கொண்டால் அவள் விழமாட்டாள்.