பூட்டிக் கிடந்த அறை

மூன்று லாரியைச் சொந்தமாக ஓட்டுகிற நான் அன்று ஈரோட்டு பஸ்ஸில் போக நேர்ந்தது. முன் சீட்டில், சேலத்தில் ஸ்பெயின் நாட்டுப் பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்த புருஷனும் பெண்டாட்டியும்.

“படமா புள்ள அது? ஒரு மணி நேரமா பூட்டுன கதவையே காட்டறான். பேய் கடைசியில அஞ்சு நிமிசந்தான்.”

“பேய் வந்ததும் எனக்குப் பயமே போயிருச்சுங்க மாமா. அந்தக் கதவுதான் குலை நடுங்க வெச்சுது.”

“கதவுக்கா நடுங்குவாங்க?”

“போன வாரம் நாம குடிவந்த ஊட்டுலயும் ஒரு ரூம்பு பூட்டித்தானே கெடக்குது? நீங்க மில்லுக்குப் போனா நான் தனியா இருக்கறேன்.”

“உள்ள ஊட்டுக்காரர் சாமான் இருக்கும்.”

“பார்த்தீங்களா?”

அவர்கள் இறங்க வேண்டிய பள்ளிபாளையம் வந்தது. இருவரும் எழவில்லை. புருஷன்தான் குரல் கொடுத்தார்.

“கண்டக்டர், ஈரோட்டுக்கு ரெண்டு டிக்கெட்டு போடுங்க. அங்க இருக்கற ஊட்டுக்காரர்கிட்ட அந்த ரூம்புச் சாவி வாங்கோணும்.”