டேப் இல்லாத கிண்ணம்

அவசரம் என்று உறைந்த எலியைக் கொதிநீரில் போடக் கூடாது, ஐயா. வெளியே வெந்து, உள்ளே கட்டியாகவே இருக்கும், பாம்பு கக்கிவிடும். முந்தின நாளே பையோடு எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். உருகியதைத் திரும்ப உறையவைக்கவும் கூடாது. இடுக்கி, கிண்ணம், துணி எல்லாம் தனி. எலிக்குள் இருக்கும் கிருமி குளிரில் சாவதில்லை, தூங்கும்.

என் பாம்பு கினாகோவின் எலிகளுக்குத் தனி ஃபிரீசரே இருந்தது. என் கணவரின் அக்கா ஃபுசாயே ஒசாகாவை விட்டு எங்களோடு தகமட்சுவில் தங்க வந்தார். வந்த சில நாளிலேயே, நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்.

"செத்த எலிக்கு ஒரு பெட்டி, எனக்கு ஒரு அலமாரி இல்ல. நல்லாருக்குடி மிட்சுயே, உன் குடித்தனம்."

"அப்ப எலிய சமையலறை ஃபிரீசர்லதான் வைக்கணும், அக்கா."

"வை. வருஷக் கடைசியில வீட்டக் கழுவுவோம்ல, அதுவரைக்கும். அப்புறம் எலியும் போகணும், அந்தக் கயிறும் போகணும்."

கணவர் செய்தித்தாளை விட்டுத் தலை நிமிரவில்லை. "அக்கா சொன்னா சரிதான்."

மகள் கல்யாணமாகிப் போனபின் நான் பேசினால் தலை தூக்கிப் பார்ப்பது கினாகோ ஒன்றுதான்.

எலிகளை இறுக்கமான டப்பாவில் அடைத்தேன். அவற்றை உருகவைக்கும் கிண்ணத்தில் சிவப்பு டேப் ஒட்டினேன்.

"சிவப்பு இருந்தா தொடாதீங்க, அக்கா."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

உண்மைதான். ஒருநாளும் தொட்டதில்லை.

காலையில் சுடுசோற்றில் பச்சை முட்டை அடித்து ஊற்றிச் சாப்பிடுவது அக்காவின் வழக்கம். வயிற்றுப்போக்கு கண்டு, காய்ச்சலில் மயங்கியபோது மருத்துவர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

"பச்சை முட்டையா? இந்த வயசுலயா?"

கணவர் அழுதபடி தலையாட்டினார். அந்த வாரமே அக்கா போய்விட்டார். வீட்டிலிருந்த முட்டைகளை எல்லாம் நானே கொட்டினேன்.

நல்ல முட்டைகள், ஐயா.

அக்கா நோயில் விழுவதற்கு முந்தின நாள் ஓர் எலியைப் பையில்லாமல் அந்தக் கிண்ணத்தில் உருகவிட்டேன். பிறகு கழுவாமல் துடைத்து, டேப்பை உரித்து, சமையல் கிண்ணங்களுக்கு மேலே கவிழ்த்தேன்.

"முட்டை அடிக்கிற கிண்ணம் எங்கடி?"

"மேல இருக்கு பாருங்க, அக்கா."

அந்த எலியையா கேட்கிறீர்கள்? எறிந்துவிட்டேன். அப்படித் திறந்து கிடந்ததை என் பாம்புக்குக் கொடுக்க எனக்கு மனசு வருமா?