அஞ்சு பத்தா, மே பத்தா

காந்திபுரத்தில் மனைவியோடு பஸ் ஏறிய பெரியவர், முன் சீட்டுப் பெண்ணிடம் சொன்னார்: "அம்மணி, நீங்க எனக்கு அஞ்சு மாசம் குடுத்தீங்க."

அவர் வேலை பார்த்த மில்லின் ஆபீசில் அவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று பேச்சில் தெரிந்தது.

"உங்க பொறந்த தேதி அஞ்சு, பத்து, அதாவது அக்டோபர் அஞ்சுங்க. கம்ப்யூட்டர் மாசத்த முன்னாடி வெச்சு மே பத்துன்னு எடுத்துக்கிச்சு. இருபதாந் தேதின்னா, இருபதாம் மாசம் ஏதுன்னு அதுவே நிறுத்தியிருக்கும். பழைய ரிஜிஸ்டரோட ஒத்துப் பாத்துத்தானுங்க கண்டுபிடிச்சேன். மாசத்த எழுத்துல அடிச்சுத் திருத்திப்போட்டேன்."

"இல்லீன்னா மே மாசமே ரிட்டயராகியிருப்பனுங்க. செப்டம்பர்லதான் மில்லுச் செலவுல இவளுக்குக் கண் ஆபரேசன் ஆச்சு."

மனைவி ஜன்னல் வழியே பார்த்தபடி, "துடியலூர்னு போர்டு தெரியுதுங்க, எந்திரிங்க" என்றாள்.